ரியோவுக்கே போக்குக் காட்டியவர்

ஜனவரி 20 ரியோ டி ஜெனிரோவில் விடுமுறை நாள். நகரத்தின் காவல் புனிதரான செபஸ்தியாரின் திருநாள் அன்று. 1983-இல் அது வியாழக்கிழமையில் வந்தது. அன்று விடிகாலை, நகரத்து மருத்துவமனை ஒன்றில் மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ் இறந்துபோனார். வயது 49. முந்தைய நாள்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அந்த நீளமான பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. காரிஞ்சா என்றால் போதும்.

குடிதான் காரணம். கல்லீரல் எப்போதோ கெட்டுவிட்டது. மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். இது ஊருக்கே தெரியும். ஆனாலும் ரேடியோவில் செய்தி வந்தபோது ரியோ அதிர்ந்துபோனது. இதைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கால்பந்தில் வலது ஓரத்தில் ஆடியவர். அவரிடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்று. பந்தோடு எதிராளியின் முன்னால் வந்து நிற்பார். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். எதிராளியும் கூடவே சாய்வார். இன்னொரு தடவை சாய்ப்பார். அடுத்த கணம் வலப்பக்கமாகப் பாய்ந்து போயிருப்பார். பெரும்பாலும் வலப்பக்கம்தான் போவார் என்பது எதிராளிக்குத் தெரியும், அவருடைய பயிற்சியாளருக்குத் தெரியும், கேலரியில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏமாந்தார்கள். சில சமயம் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, அதே ஆளை மறுபடியும் ஏமாற்றுவார். 1958-இல் மெக்சிகோவில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியோடு ஆடியபோது, காளைச் சண்டையில் கத்துவதுபோல ஜனங்கள் ஒவ்வொரு சாய்வுக்கும் “ஓலே” என்று கத்தினார்கள். கால்பந்து மைதானத்துக்கு அந்தக் கோஷம் வந்தது அன்றுதான் என்பார்கள்.

பிறந்த ஊர் பாவ் கிராண்டி. ரியோவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலையடிவாரத்தில் நூற்பாலையை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒன்று மற்றதைவிட 6 சென்டிமீட்டர் குட்டை. பதினாலு வயதில் ஆலை வேலைக்குப் போனார். 1953-இல் போட்டாஃபோகோ கிளப்புக்குச் சோதனை ஆட்டம் ஆட வந்தவர், அந்த நாளின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான நில்டன் சாந்தோஸின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுப் போனார். இந்தப் பையனை உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிளப்பிடம் சொன்னவரே நில்டன்தான். எதிர் அணியில் இவனைச் சந்திக்க அவருக்கு மனமில்லை!

1958, 1962 என்று இரண்டு உலகக் கோப்பைகள். சிலியில் நடந்த இரண்டாவதில் பெலே காயம்பட்டு உட்கார்ந்துவிட, காலிறுதியில் இரண்டு கோல், அரையிறுதியில் இரண்டு கோல் போட்டு அணியைத் தூக்கிச் சுமந்தவர் இவர். பெலேயும் இவரும் சேர்ந்து ஆடிய ஒரு ஆட்டத்தில்கூட பிரேசில் தோற்றதில்லை. பிரேசில் சட்டையில் காரிஞ்சா தோற்றது ஒரே ஆட்டத்தில், 1966-இல் ஹங்கேரியிடம். அதோடு அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டார்.

பணத்தைக் கையாளத் தெரியவில்லை. தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். எட்டுப் பெண் குழந்தைகள் இருந்த குடும்பத்தை விட்டு, பாடகி எல்சா சோவாரெஸுடன் வாழப் போனபோது ஊர் முழுக்க எல்சாவைத்தான் ஏசியது. 1969-இல் காரிஞ்சா ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் இறந்தார். குடியை நிறுத்த எல்சா படாத பாடு பட்டார். காரிஞ்சா கைநீட்டி அடித்த பிறகு, 1977-இல் பிரிந்தார்கள். ரசிகர்கள் காரிஞ்சாவுக்கு எதையும் மன்னித்தார்கள். எல்சாவுக்கு அந்தத் தாராளம் கிடைக்கவில்லை. காரிஞ்சாவை ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கட்சி. எல்சா 2022 வரை வாழ்ந்து, 91 வயதில், காரிஞ்சா இறந்த அதே ஜனவரி 20-இல் இறந்தார்.

1973 டிசம்பரில் மரக்கானா மைதானத்தில் காரிஞ்சாவுக்கு ஒரு வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். 1,30,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1980 கார்னிவலில், மங்கேரா சாம்பா குழு அவரை அலங்கார வண்டியில் உட்கார வைத்து ஊர்வலம் விட்டது. சுற்றிலும் கொட்டும் ஆட்டமும். நடுவில் அவர் தோள் தொங்க, யாரையோ எங்கேயோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி ஆட்டக்கூடத் தெம்பில்லை. தேசமே டி.வி.யில் பார்த்தது. அன்றைக்கே பாதி இழவு கேட்டாயிற்று என்று சொல்லலாம். ஆனாலும் 1983-இல் திகைத்தார்கள். அவர் சாய்ந்தால் நிமிர்வார், விழுவதுபோல் விழாமல் ஓடுவார் என்று முப்பது வருஷமாகப் பழகிய கண்கள் அவை.

உடலை மரக்கானாவில்தான் வைத்தார்கள். பெட்டியின்மேல் போட்டாஃபோகோ கொடி. இரவெல்லாம் வரிசை நகர்ந்தது. மறுநாள் தீயணைப்பு வண்டியில் ஏற்றி பாவ் கிராண்டிக்குப் புறப்பட்டார்கள். உலகக் கோப்பை வென்று வந்தவர்களை ரியோ தீயணைப்பு வண்டியில்தான் ஊர்வலம் விடும். அந்த மரியாதை இப்போது சாவுக்கும் கிடைத்தது. பிரேசில் அவென்யூவின் இரு ஓரமும் மேம்பாலங்களும் ஜனங்களால் நிரம்பின. எதிரணிக் கிளப்புகளின் ரசிகர்களும் வந்திருந்தார்கள். கை தட்டினார்கள். நம் ஊரில் பிணம் போகும்போது கை தட்டினால் அடி விழும். பிரேசிலில் அது வழியனுப்பும் முறை.

பாவ் கிராண்டி அத்தனை கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. வாகனங்கள் திணறி நின்றன. ராயிஸ் தா செர்ரா என்ற பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

பிரேசிலியாவில் அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அதை இடித்துக் கட்டியபோது, போட்டி நாட்களில் ‘தேசிய மைதானம்’ என்று மட்டும் இருக்கட்டும் என்று ஃபிஃபா விரும்பியது. எதிர்ப்புக் கிளம்பவே பெயர் தப்பித்தது. கல்லறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே அவர் பெயரில் இரண்டு இடங்கள் இருந்தன. 2017-இல் குடும்பத்தார் விசாரித்தபோது, எலும்புகள் எதில் இருக்கின்றன, இருக்கின்றனவா என்பதற்கே நிர்வாகத்திடம் ஆவணம் கிடைக்கவில்லை. தோண்டி எடுத்து டி.என்.ஏ. சோதனை செய்து பார்க்கலாம் என்று அந்தப் பகுதி மேயர் சொன்னார்.

(தொடரும்)