இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பா? – இன்டர்ஃபெரானும் இன்டர்லூகினும் நடந்து வந்த பாதை

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்தார், "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது" என்றார்கள். நான் இங்கே கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். மருந்துக் கம்பெனிகளுக்கு ஃபெர்மென்ட்டர் தொட்டிகள் வடிவமைப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்ட தொட்டிகளில் தயாராகும் இரண்டு மருந்துகளின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. இது வைத்தியக் குறிப்பு அல்ல, வரலாறுதான். ஆகவே டாக்டர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உடம்பு செய்யும் மருந்து

புற்றுநோயை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே விரட்டுமா? இந்தக் கேள்வி பழையது. 1891-ல் நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுக்கட்டி உள்ளவர்களுக்குக் கிருமிகளை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். காய்ச்சல் வந்தது, சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் கரைந்தது என்பதை அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விடையின் ஒரு நுனி 1957-ல் கிடைத்தது. லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் இருவரும், வைரஸ் தாக்கிய செல்கள் ஒரு பொருளை வெளியே விடுவதையும், அது மற்ற செல்களை வைரஸிடமிருந்து காப்பதையும் கண்டார்கள். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். இப்படி ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதிப் புரதங்களையே இன்று சைட்டோகைன் என்கிறோம். ஊருக்குள் தண்டோரா போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தண்டோரா கிடைத்தது, ஆனால் மிகச் சொற்பமாக. பின்லாந்தில் காரி கான்ட்டெல், அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்ததானத்தில் வந்த வெள்ளணுக்களிலிருந்து சொட்டுச் சொட்டாக அதைப் பிரித்தெடுத்தார். 1970-களில் உலகத்துக்குக் கிடைத்த இன்டர்ஃபெரானில் பெரும்பங்கு அவர் கொடுத்தது. பிறகு சூரிச்சில் சார்லஸ் வைஸ்மான் குழுவினர் மனித இன்டர்ஃபெரான் ஜீனை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார்கள். 1980-ல் செய்தி வெளியானது. இனி ரத்தம் வேண்டாம், தொட்டி போதும். நம்ம ஆட்கள் உள்ளே நுழைந்த இடம் அதுதான்!

இன்னொரு மருந்தான இன்டர்லூகின்-2 கதை அமெரிக்காவின் பெதஸ்டாவில் தொடங்குகிறது. அங்கே தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1976-ல் டோரிஸ் மார்கன், ஃபிரான்சிஸ் ருசெட்டி, ராபர்ட் கேலோ மூவரும், டி-செல்களைச் சோதனைக்கூடத்தில் பெருக வைக்கும் புரதத்தைக் கண்டார்கள். 1983-ல் ஜப்பானின் தனிகுச்சி அதன் ஜீனைப் பிரித்தார். கலிபோர்னியாவின் சீட்டஸ் கம்பெனி அதைத் தொட்டியில் தயாரித்தது.

அளவுக்கு மிஞ்சினால்

அதே பெதஸ்டாவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1968-ல் பாஸ்டனில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, வயிற்றுப் புற்று முற்றிப்போய்க் கைவிடப்பட்ட ஒருவர், பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு வியாதிக்காக நடந்து வந்ததைப் பார்த்தவர். சிகிச்சையே இல்லாமல் புற்று மறைந்திருந்தது. அந்த ஒரு நோயாளி அவரைக் கடைசிவரை விடவில்லை.

1980-களில் அவர் இன்டர்லூகின்-2 கொடுக்க ஆரம்பித்தார். முதலில் வந்த அறுபதுக்கும் மேற்பட்டோருக்குப் பலன் இல்லை. எல்லாரும் இறந்தார்கள். 1984 இறுதியில் மெலனோமா முற்றிய ஒரு பெண் கடற்படை அதிகாரிக்குக் கட்டிகள் முழுதாக மறைந்தன. 1985 டிசம்பரில் வெளியான அறிக்கைப்படி, இன்டர்லூகின்-2-ஐயும் அதனால் தூண்டப்பட்ட செல்களையும் பெற்ற 25 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. பத்திரிகைகள் கொண்டாடின.

விலை? நோயாளியின் ரத்தக் குழாய்கள் ஓட்டைச் சல்லடை மாதிரி கசியும். ரத்த அழுத்தம் விழும், நுரையீரலில் நீர் கோக்கும், உடம்பு கிலோ கிலோவாக வீங்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு டோஸ்; அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சமமான கண்காணிப்பு. சிலர் மருந்தாலேயே இறந்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

இருந்தும் 1992-ல் சிறுநீரகப் புற்றுக்கும் 1998-ல் மெலனோமாவுக்கும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஐந்தாறு பேருக்கு முற்றிலும் மறைந்தது. அந்த ஐந்தாறு பேரில் பெரும்பாலோருக்கு வருஷக்கணக்கில் திரும்பவே இல்லை. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் கீமோதெரபிக்குக் கொஞ்சமும் அசையாத சிறுநீரகப் புற்றில் அதுவரை அதுகூட இல்லை.

ஒரு கை ஓசை

இங்கேதான் என் குடும்பத்துக் கேள்வி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமாவுக்குச் சிறுநீரகப் புற்று, நுரையீரல்வரை பரவிவிட்டது என்று தெரிந்தது. மருந்துகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "ஒண்ணு இவ்வளவு கேக்கும்னா, ரெண்டையும் சேத்துப் போட்டா ரெண்டு பங்கு கேக்காதா டாக்டர்?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "இதைக் கேட்டுப் பதில் தெரிஞ்சுக்கவே உலகத்துக்கு ரொம்ப வருஷம் ஆச்சுங்க" என்றார். மாமா அதன் பிறகு இரண்டு தீபாவளி பார்த்தார். அந்த "ரொம்ப வருஷம்" என்ன என்று தேடிப் படித்தவன் நான்.

மாமாவின் கேள்வியையே விஞ்ஞானிகளும் கேட்டார்கள். காரணமும் நியாயமானது. இன்டர்ஃபெரான் புற்றுசெல்லின் மேற்பரப்பில் அடையாளங்களைக் கூட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். இன்டர்லூகின்-2 அதைத் தாக்கும் படையைப் பெருக்கும். ஒருவன் டார்ச் அடிக்க, இன்னொருவன் ஆள் சேர்ப்பது மாதிரி. எலிகளில் இரண்டும் சேர்ந்து தனித்தனியாகச் செய்ததைவிட நன்றாகவே வேலை செய்தன.

மனிதர்களில்? பிரான்சில் சிறுநீரகப் புற்று முற்றிய 425 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 1998-ல் முடிவு வந்தது. இன்டர்லூகின்-2 மட்டும் பெற்றவர்களில் 6.5 சதவீதம், இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றவர்களில் 7.5 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 18.6 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆஹா என்கிறீர்களா? அடுத்த வரியையும் படியுங்கள்: ஆயுளில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டி சுருங்கியது, வாழ்நாள் நீளவில்லை.

அதற்குப் பின் வந்த சோதனைகளும் அதையே சொல்லின. 2005-ல் அமெரிக்கச் சோதனை ஒன்றில், குறைந்த அளவில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததைவிட, அதிக அளவு இன்டர்லூகின்-2 தனியாகவே அதிகம் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. 2008-ல் மெலனோமாவில் கீமோவோடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. 2010-ல் ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுநீரகப் புற்று நோயாளிகளிடம் இன்டர்ஃபெரான் தனியாகவும், இன்டர்லூகின்-2, ஃப்ளூரோயுராசில் இரண்டோடும் சேர்த்தும் ஒப்பிட்டார்கள். இரு பிரிவிலும் சராசரி ஆயுள் ஏறக்குறைய பத்தொன்பது மாதம். ஒரே அளவு!

பம்பும் பிரேக்கும்

ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரே மாதிரி இரண்டு பம்புகளை இணையாக ஓட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஓட்டம் இரட்டிப்பானதா? ஆகாது. ஓட்டம் கூடக் கூடக் குழாயின் உராய்வு எதிர்த்து நிற்கும். கோளாறு பம்பில் இல்லை, குழாயில் இருக்கிறது.

உடம்பிலும் அதே கதைதான். 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் தனி டி-செல்கள் இருப்பதைக் காட்டினார். இன்டர்லூகின்-2 படையை மட்டும் வளர்க்கவில்லை, அந்த அடக்கும் செல்களையும் சேர்த்தே வளர்க்கிறது! இதற்காகச் சகாகுச்சிக்கு 2025-ல், இருவரோடு பகிர்ந்து நோபல் பரிசு கிடைத்தது.

டி-செல்லிலேயே பிரேக்குகளும் உண்டு என்று ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் காட்டினார்கள். 2018-ல் நோபல் பெற்றார்கள். அந்த பிரேக்கைத் தளர்த்தும் இபிலிமுமாப் 2011-லும், நிவோலுமாப் 2014-லும் மெலனோமாவுக்கு வந்தன. இந்த இரண்டையும் சேர்த்தபோதுதான் கூட்டு நிஜமாகவே பலித்தது. இரண்டும் வெவ்வேறு பிரேக்குகள். 2018-ல் சிறுநீரகப் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. மெலனோமா முற்றியவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ஓராண்டைத் தாண்டவில்லை. இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களில் பத்தாண்டு கழித்து 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2024-ல் அறிக்கை வந்தது. பக்கவிளைவு கடுமை, நம் ஊரில் விலை லட்சங்களில். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் பழைய மருந்து குப்பைக்கா? இல்லை. பிரேக் மருந்தோடு புதுவகை இன்டர்லூகின்-2 ஒன்றைச் சேர்த்த முயற்சி 2022-ல் தோற்றது உண்மை. ஆனால் 2024-ல் மெலனோமாவுக்கு அனுமதி பெற்ற செல் சிகிச்சையில், கட்டியிலிருந்து எடுத்த செல்களைப் பெருக்கவும், உடம்புக்குள் விட்ட பின் தாங்கிப் பிடிக்கவும் இன்டர்லூகின்-2 தேவைப்படுகிறது. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை எதையாவது அளக்கப் போகிறவர்கள். எதை அளக்கிறோம் என்பதை முதலில் கேளுங்கள். கட்டியின் அளவை மட்டும் பார்த்திருந்தால் 1998-லேயே வெற்றி முழக்கம் போட்டிருக்கலாம். ஆயுளையும் அளந்ததால் உண்மை தெரிந்தது. அந்த உண்மைக்காக, பலன் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமலேயே ஆயிரக்கணக்கான நோயாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. "வேலை செய்யவில்லை" என்று அவர்கள் வாங்கிக் கொடுத்த பதில்தான் அடுத்த தலைமுறையைப் பம்பை விட்டுவிட்டுக் குழாயைப் பார்க்க வைத்தது. உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எதிர்பார்த்த முடிவு வராத நாளில், அதை மறைக்காமல் எழுதி வையுங்கள். யாரோ ஒருவருக்கு அது வழிகாட்டும்.