கை மாறிய இடம்

வெளியூர்க்காரர்களுக்குத் தாமல் என்றால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையோரத்துப் பெரிய ஏரி. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாக வகுத்திருந்த காலத்தில் ஒரு கோட்டத்துக்கே எங்கள் ஊர்ப் பெயர்தான். எனக்குத் தாமல் என்றால் எங்கள் வீட்டுக் குழித்தறி.

1974-ல் அப்பா போனபோது எனக்கு 12 வயது, தம்பிக்கு 9. மொட்டையடித்த தம்பியின் தோளில் கொள்ளிக்குடத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பங்காளி ஒருவர் பானையில் ஒரு துளை போட்டார். தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. “இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது.” எனக்கு அதுவும் இல்லை, பெண்பிள்ளையைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

பாட்டியும் அத்தைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கடன், நாத்தனார் சண்டை, பிடித்தம் போன கூலி எல்லாம் அதில் வந்தது. துக்கத்தை வாய்விட்டுக் கொட்ட நம் பெண்கள் கண்ட வழிகளில் அதற்கு நிகர் இல்லை என்பேன். ஆனால் அந்த வட்டத்தில் குழந்தைகளுக்கு இடம் கிடையாது. “புள்ளைங்கள அந்தாண்ட கூட்டிட்டுப் போங்க.” பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அப்பா பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்று அம்மாவுக்குப் பயம்.

அப்பாவின் தறியில் பாவு பாதியில் நின்றிருந்தது. மூன்று சேலைக்கான பாவு; ஒன்றரைதான் முடிந்திருந்தது. சித்தப்பா வந்து உட்கார்ந்தார். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கக் கரையை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்து நாடாவை வாங்கிப் போடப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். காஞ்சிபுரத்துத் தறிகளில் அப்போதெல்லாம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவன். பிஞ்சு விரல்தான் வாகு என்பார்கள். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை என்பதுதான் நிஜக் காரணம். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவை ஆபத்தான வேலைப் பட்டியலில் சேர்த்தது. குடும்பத்தாரை வைத்து நடத்தும் தறிக்கு விலக்குக் கொடுத்தது. இங்கே தறி குடும்பத்தை வைத்து நடக்காமல் வேறெப்படி நடக்கும்? அந்தச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே, சித்தப்பா பக்கத்தில் உட்காரத் தம்பி நாலாம் வகுப்போடு நின்றான்.

இரண்டு மாதம் அவன் வாயே திறக்கவில்லை. ஒரு மத்தியானம் தறியைப் பார்த்தபடியே கேட்டான்: “சித்தப்பா, அப்பா எதுவரைக்கும் நெஞ்சாரு?”

சித்தப்பா முகத்தைத் திருப்பவில்லை. நாடா ஏழெட்டு முறை போய் வந்தது. பிறகு மரத்தில் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தி, தம்பியின் விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தார். “இதுவரைக்கும். உங்கப்பன் அடி பலம், ஊடை நெருக்கமா இருக்கு பாரு. இதுக்கப்புறம் என் கை.”

தம்பி அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். “அன்னிக்கு ராத்திரி அப்பா தண்ணி கேட்டாரு. நான் தூங்குற மாதிரி படுத்துட்டேன்.”

“நானும் எங்கப்பாவுக்கு அப்படிப் படுத்திருக்கேன்டா,” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா துணியை இறுக்கினார். அன்றைக்குத்தான் தம்பி அழுதான். தறி நிற்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை, கரையோரத்துப் பிள்ளைகளிடம் ஓவியத்தையும் விளையாட்டையும் சாக்காக வைத்துப் பேச்சுக் கொடுக்க உள்ளூர் ஆட்களைப் பழக்கியது. அதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் திரும்பாத முகம்தான் ஞாபகம் வந்தது. 2021-ல், கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய், ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று தமிழக அரசு அறிவித்தது. வேண்டிய பணம்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்பா போனது அந்த வருஷம். சாயங்காலம் வருவாள், இரண்டு பேரும் மொச்சை உரிப்போம். நானாக எதையும் கேட்பதில்லை.

தறிக் கதையை நான் உருகிச் சொன்னால் தம்பிக்குப் பிடிக்காது. “சித்தப்பா நல்லவருதான்க்கா. அந்தத் தறிதான் என் படிப்பை முழுங்குச்சு,” என்பான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, “அந்தச் சேலைய யாரு கட்டுனாங்களோ,” என்பான்.