ஏரியில் ஓடிய படகுகள்

விடுமுறையை எவ்வாறு கழிப்பது என்னும் கேள்வி ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு. இந்நாளைய இளைஞர் சிலர் அதற்குக் கண்டிருக்கும் விடை விந்தையானது. காலையில் மலையாற்றின் சுழலிலே சிறு படகைச் செலுத்துகின்றனர். பகலில் உடற்பயிற்சி செய்கின்றனர். மாலையில் தடித்த சக்கரங்கள் பூண்ட சைக்கிளில் ஏறி மலைப்பாதைகளில் சுற்றுகின்றனர். இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிச் செல்பவர் இறுதியில் வந்து நிற்கக்கூடிய இடங்களுள் ஒன்று, நான் குடியிருக்கும் தியாகராய நகர். நீர்த்துளி ஒன்றையும் காணாத கடைத்தெருவில் படகுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அப்படகைப் பற்றிச் சில சொற்கள். அதற்குக் கயாக் என்று பெயர். ஒருவர் கால்களை நீட்டி உள்ளே அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள ஒரே துடுப்பால் மாறி மாறி நீரைத் தள்ளிச் செலுத்துவது. ஃப்ரீஸ்டைல் என்னும் வகையில் படகு மிகவும் குட்டை. ஏறத்தாழ ஆறடி நீளம். ஆற்று நீர் பாறையைத் தாண்டி விழும் இடத்தில் அலை மேலெழுந்து, பின்னோக்கி மடிந்து, நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அலையின்மேல் படகை நிறுத்தி, தலைகீழாகச் சுழற்றி, குட்டிக்கரணம் அடித்து நிமிர வேண்டும். போட்டிகளில் ஒருவருக்குக் கிடைப்பது 45 வினாடிகள் மட்டுமே. அதற்குள் செய்து காட்டும் வித்தைகளுக்கே மதிப்பெண். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆகிய ஆறுகள் தென்மேற்குப் பருவமழையால் பெருகியோடும் காலத்தில், 2013 முதல் கயாக் வீரர்கள் அங்கே கூடிப் போட்டியிடுகின்றனர்.

இப்படகு இன்று விளையாட்டுப் பொருள்; அன்றோ அது உயிர் காக்கும் கருவி. வடதுருவத்தை ஒட்டிய பனிநாட்டில் வாழும் இன்யூட் மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துக் கயாக்கை உருவாக்கினர். வேட்டைக்குச் செல்பவர் தம் மேலாடையைப் படகின் வாயோடு நீர் புகாதவாறு இறுகக் கட்டிக்கொள்வார். படகு கவிழ்ந்தால் வெளியே குதிப்பதில்லை. துடுப்பை வீசிப் படகோடு தாமும் நிமிர்ந்தெழுவார். பனிக்கடலில் நீந்துவது சாவுக்கு ஒப்பு என்பதால் பிறந்த வித்தை அது. இன்றைய விளையாட்டு வீரர் முதலில் கற்பதும் அந்த வித்தையையே.

வேட்டைப் படகு விடுமுறைப் படகாக மாறியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். ஜான் மெக்ரிகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர், கயாக்கைப் பின்பற்றி 15 அடி நீளமும் 80 பவுண்டு எடையும் உள்ள ஒரு மரப்படகைச் செய்வித்து, அதற்கு ‘ராப் ராய்’ என்று பெயரிட்டார். 1865-இல் அதில் அமர்ந்து ஐரோப்பிய ஆறுகளில் தன்னந்தனியே சுற்றினார். நீர் இல்லாத இடங்களில் படகை இரயிலில் ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய பயணநூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இலண்டனுக்கருகில் படகுக் கழகம் ஒன்றும் தோன்றியது. உடலுழைப்பையே ஓய்வாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் அக்காலத்து ஆங்கிலேயரிடம் வேகமாகப் பரவியது.

அந்த அலை சென்னைக்கு வரவும் நெடுநாள் ஆகவில்லை. மெக்ரிகரின் பயணம் முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1867-இல், மெட்ராஸ் போட் கிளப் நிறுவப்பட்டது. அடையாற்றங்கரையில் இன்றும் அது இருக்கிறது. அப்பகுதியே அதன் பெயரால் வழங்குகிறது. அங்கே ஓடியவை கயாக் அல்ல. இருபுறமும் துடுப்பு பூட்டி, பின்னோக்கி அமர்ந்து வலிக்கும் பந்தயப் படகுகள். ஆயினும் பொழுதுபோக்குக்காகப் படகு வலிப்பது என்னும் நோக்கம் ஒன்றே.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறக்கலாகாது. படகுக் கழகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, சென்னைக் கடற்கரையில் படகோட்டும் திறத்தில் தேர்ந்தவர்கள் வாழ்ந்தனர். துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் கரைக்கு வர இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே மடிந்து விழும் பேரலைகளைத் தாண்டி மனிதரையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பனிக்கடலின் இன்யூட் வேடரும் சோழமண்டலக் கரையின் படகோட்டியும் ஒருவரை ஒருவர் அறியார். எனினும் தைத்த படகே அலையைத் தாங்கும் என்னும் உண்மையை இருவரும் தத்தம் கடலில் கண்டுகொண்டனர். ஆங்கிலேயர் அலையை விளையாட்டாக்கினர். நம் படகோட்டிகளுக்கு அது பிழைப்பாக இருந்தது. பந்தயங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை. கட்டுமரம் என்னும் அவர்களுடைய சொல் மட்டும் உலக மொழிகளில் ஏறிவிட்டது.

இனித் தியாகராய நகருக்கு வருவோம். செங்கற்பட்டுச் சீமையை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைப்பதுண்டு. மேற்கிலிருந்து கிழக்கே சரியும் நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவாக மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கி வைப்பது நம் முன்னோர் முறை. கரையில் மதகு இருக்கும். அதைத் திறந்தால் வயலுக்கு நீர் பாயும். ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ செல்லும். இவ்வாறு அமைந்தவையே மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும். சைதாப்பேட்டைப் பக்கம் தொடங்கி நுங்கம்பாக்கம் வரை தொடர்ந்து நீண்டு கிடந்தமையால் ஆங்கிலேயர் அவற்றை ‘லாங் டாங்க்’, அதாவது நெடிய ஏரி, என்றனர். சென்னை நகரின் மேற்கு எல்லையே அதுதான். அதற்கு அப்பால் மாம்பலம் ஒரு சிற்றூராக இருந்தது.

அந்த ஏரியிலேதான் மெட்ராஸ் போட் கிளப் படகுப் பந்தயம் நடத்தியது. 1893-இல் நடந்த பந்தயத்தை ‘லாங் டாங்க் ரெகாட்டா’ என்றே குறிப்பிடுகின்றனர். இன்று புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் மக்கள் வெள்ளமெனத் திரளும் நிலப்பகுதியில், அன்று உண்மையான வெள்ளம் நின்றது. அதன்மேல் படகுகள் விரைந்தன. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும் ஏரியில் பந்தயம் விட வேண்டுமானால், மழை பெய்ய வேண்டும், கரை உடையாதிருக்க வேண்டும், வரத்துக் கால்வாய் தூராதிருக்க வேண்டும். படகு வலித்த சீமான்களின் இன்பம், மண்வெட்டி பிடித்துக் கரையைக் காத்த உழவரின் உழைப்பின்மேல் மிதந்தது எனலாம்.

பிறகு ஏரி எங்கே போயிற்று? நகரம் அதை விழுங்கிற்று என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் வரலாறு மாணவர்களாகிய நீங்கள் காரணத்தையும் கேட்க வேண்டும். 1921-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் தொகை சுமார் 5 இலட்சத்து 27 ஆயிரம். பத்தே ஆண்டுகளில், 1931-இல், அது 6 இலட்சத்து 47 ஆயிரத்தை எட்டியது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வீடுகள் நெருங்கின. குடியிருக்க இடம் வேண்டியிருந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. பனகல் அரசர் தலைமையில் நீதிக்கட்சி ஆட்சி செய்த காலத்தில், 1923-இல், ஏரிநீரை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. அதன் பரப்பு சுமார் 1,600 ஏக்கர்; அதாவது இரண்டரைச் சதுர மைல்.

மாநகராட்சித் தலைவராக இருந்தவரும் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவருமான பிட்டி தியாகராயர் 1925-இல் மறைந்தார். அவர் பெயரே புதிய நகருக்கு அமைந்தது. நடுவில் பனகல் பூங்கா. அதிலிருந்து கதிர்களைப் போல் விரியும் சாலைகள். நடேசனார் பெயரில் ஒரு பூங்கா. சௌந்தரபாண்டியனார் பெயரில் ஒரு கடைத்தெரு. ஓர் அரசியல் இயக்கத்தின் வரலாற்றைத் தெருப்பெயர்களிலேயே படிக்கலாம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் நிலையத்தில் இறங்கி வீடு செல்வது எளிதாயிற்று. நுங்கம்பாக்கத்து ஏரிப்பகுதியும் படிப்படியாக வீட்டுமனைகளாயிற்று. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பரப்பின்மேல் எழுந்ததே.

இதைச் செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் கருத்தன்று. அகன்ற தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் அவர்கள் தந்த கொடை. எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் அங்கே தலையெடுத்தன. வயல்கள் மறைந்துகொண்டிருந்தபோது பாசன ஏரி எதற்கு என்று அவர்கள் எண்ணியதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் ஏரிக்கு இரண்டு தொழில்கள். வயலுக்கு நீர் தருவது ஒன்று. பெருமழையைத் தாங்கி நிறுத்துவது மற்றொன்று. முதல் தொழில் தேவையற்றுப் போனதும் இரண்டாவதையும் சேர்த்து நாம் தள்ளுபடி செய்துவிட்டோம்.

நிலம் அதை மறக்கவில்லை. வள்ளுவர் கோட்டத்தின் அருகே தொடங்கித் தியாகராய நகரின் ஊடே நந்தனம் சென்று அடையாற்றில் கலக்கிறது மாம்பலம் கால்வாய். ஏரி கிடந்த தாழ்நிலத்தின் மழைநீரை இன்று வடித்துச் செல்லும் வழி அது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் நீரில் மூழ்கின. அப்பொழுது நகரத்துத் தெருக்களில் மீண்டும் படகுகள் ஓடின. அவை பந்தயப் படகுகள் அல்ல. கடற்கரையிலிருந்து மீனவர்கள் கொண்டுவந்த படகுகள். அலையைத் தாண்டிப் பழகிய மசூலாக்காரரின் வழிவந்த கைகள், மாடியில் சிக்கித் தவித்தவர்களைக் கரை சேர்த்தன. 2021 நவம்பரிலும் கனமழையில் தியாகராய நகரின் தெருக்கள் நாட்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்தன. அந்நாட்களில் என் தெருவில் நின்ற நீரைப் பார்த்தபோது, வெள்ளம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அயலார் வருந்தினர். ஏரிக்குள் நாம் வந்துவிட்டோம் என்பதே எனக்குத் தோன்றிய எண்ணம்.

மாணவ நண்பர்களே, மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டு 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருப்பெற்றது. மலை இல்லாத நமக்கும் சைக்கிளால் ஒரு பயணம் உண்டு. அடுத்த விடுமுறையில், போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில் புறப்படுங்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு இருக்கிறது. ஏரி தெரியும் தெரு என்பது பொருள். அங்கிருந்து இரயில் பாதையைக் கடந்து பனகல் பூங்காவுக்கு வாருங்கள். வடக்கே நுங்கம்பாக்கம் சென்றால் ‘லேக் ஏரியா’ என்னும் குடியிருப்பும் ‘டாங்க் பண்டு ரோடு’ என்னும் ஏரிக்கரைச் சாலையும் உங்களை வரவேற்கும். ஏரி இல்லை, கரையின் பெயர் இருக்கிறது. வழியில் எங்கே சாலை இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்பதைக் கால்களால் உணருங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத நிலப்படம் ஒன்று அப்பொழுது உங்கள் மனத்தில் எழும்.

துடுப்புப் பிடிக்க விரும்பும் சென்னை இளைஞர் இன்று முட்டுக்காட்டுக்கும் கேரளத்து மலையாறுகளுக்கும் செல்கின்றனர். செல்லட்டும், உரமும் துணிவும் தரும் நல்ல விளையாட்டு அது. ஆனால் அவர்கள் ஊரிலேயே இன்னும் ஏரிகள் இருக்கின்றன. சேத்துப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு 2016-இல் படகுச் சவாரியோடு மக்களுக்குத் திறக்கப்பட்டது. வேளச்சேரியிலும் போரூரிலும் எஞ்சிய நீர்ப்பரப்புகள் நம் காவலை எதிர்நோக்கிக் கிடக்கின்றன. படகு மிதக்கும் அளவுக்கு நீர் நிறைந்த ஏரி, வெள்ளத்தையும் தாங்கும். கிணறுகளையும் ஊற வைக்கும். ஒரு நகரத்தின் நீர்நிலைகளின் நலத்தை அளக்க நெடிய அறிக்கைகள் உண்டு. அவற்றோடு இந்த எளிய கேள்வியையும் நீங்கள் கேட்டுப் பழக வேண்டுமென்பது என் விருப்பம்: இந்நகரத்துப் பிள்ளைகள் விடுமுறைக் காலையில் தம் ஊர் நீரிலேயே படகு விட முடிகிறதா? 1893-இல் ஒரு சிலருக்கு முடிந்தது. எல்லோருக்கும் முடியும் காலத்தை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.