ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611 விபத்து (திருச்சிராப்பள்ளி, 2018)

திருச்சிராப்பள்ளியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் 611-ஆம் எண் விமானம், 2018 அக்டோபர் 12 அதிகாலையில் தரையைவிட்டு எழும்பும்போது, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த லோக்கலைசர் ஆன்டெனாவிலும் (இறங்கும் விமானங்களுக்கு ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டுவது) விமான நிலையச் சுற்றுச்சுவரிலும் மோதியது. போயிங் 737-800 வகையைச் சேர்ந்த அதில் 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தனர். ஒருவருக்கும் காயமில்லை.

விபத்தின் தொடக்கம் ஓர் இருக்கையில் இருந்தது. இரவு 1.20 மணியளவில், விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பிடி விட்டுப் பின்னோக்கிச் சரிந்தது. எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் லீவர் மேலிருந்த அவர் கையும் அதோடு பின்னால் வந்தது. 98 சதவீத அளவில் இருந்த எஞ்சின் சுழற்சி 77-க்கு இறங்கியது. இருக்கையைச் சரிசெய்யும் பரபரப்பில் இரு விமானிகளில் எவரும் எஞ்சின் அளவிகளைத் திரும்பப் பார்க்கவில்லை. திருச்சி ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். குறைந்த விசையில் ஓடிய விமானத்துக்கு அந்த நீளம் போதவில்லை. விமானப் பாதுகாப்பில் மிகக் கொடிய நிலைகளில் ஒன்று இது: விமானம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வேகமும் கூடும். ஆனால் கூடவேண்டிய அளவில் கூடாது. இரவு நேரத்தில் வெளியே பார்த்து அதை உணர்வது கடினம்.

மோதலை விமானிகள் உணரவில்லை. தரையிலிருந்தவர்கள் உடைந்த சுவரையும் ஆன்டெனாவையும் கண்டு எச்சரித்தனர். எல்லா அளவிகளும் இயல்பாக இருப்பதாகச் சொல்லி விமானம் 36,000 அடிக்கு ஏறி அரபிக்கடல் மேல் பறந்தது. பின்னர் திசைதிருப்பப்பட்டு, அதிகாலை 5.35 அளவில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. அடிப்பகுதித் தகடு கிழிந்திருந்தது. சுவர்மேலிருந்த கம்பிவலையின் துண்டும் விமானத்தில் சிக்கியிருந்தது. பயணிகள் வேறு விமானத்தில் துபாய் அனுப்பப்பட்டனர்.

எழும்பியபின் எடுத்த முடிவே இந்த நிகழ்வில் அதிகம் கவலை தருவது. வால் தரையில் உராய்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே, கேபினில் காற்றழுத்தம் ஏற்றாமல் அருகிலுள்ள தகுந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்பது 737 விமானிகளுக்கான நடைமுறை. கிழிந்த தகடு அந்த உயரத்தில் அழுத்தம் தாங்காமல் போயிருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு. இரு விமானிகளும் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டனர். இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு, உந்துவிசை குறைந்ததைக் கண்காணிக்கத் தவறியதை முதன்மைக் காரணமாகவும் இருக்கைக் கோளாறைத் துணைக் காரணமாகவும் பதிவுசெய்தது.

ஒத்த நிகழ்வுகள் பிற நாடுகளிலும் உண்டு. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ340, எடையை 100 டன் குறைத்துக் கணினியில் பதிந்ததால் இதேபோல் ஆன்டெனாவில் மோதியது. அது உடனே அங்கேயே திரும்பி இறங்கியது. 2017 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் ஒரு 737-800, வெளி வெப்பநிலை தவறாகப் பதியப்பட்டதால் ஓடுபாதை முனைக்கு அப்பாலிருந்த விளக்கைத் தட்டியபடி எழும்பியது. அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் புலனாய்வாளர்கள், எழும்பும் ஓட்டத்தில் முடுக்கம் போதாதபோது விமானிகளை எச்சரிக்கும் கருவியை உருவாக்கப் பரிந்துரைத்தனர்.