திருப்பிக் கொடுத்த இருபது வருஷம்

பதக்கம் சேகரிக்கிறவர்கள் ஜெர்மன் ராணுவத்தானின் பழைய பதக்கப் பட்டை ஒன்று கைக்கு வந்தால் முதலில் எண்ணிப் பார்ப்பது நீண்ட சேவைப் பதக்கங்களைத்தான். 1936 மார்ச் 16இல் ஹிட்லர் அரசு ஏற்படுத்திய இந்தப் பதக்கத்தில் 4, 12, 18, 25 வருஷம் என்று நான்கு படிகள். விதிப்படி இரண்டுக்குமேல் மார்பில் ஏறக் கூடாது. இருபத்தைந்து வருஷக்காரன் கூடவே பன்னிரண்டைக் குத்திக்கொள்ளலாம். பதினெட்டு வருஷக்காரன் நாலை. மூன்றாவது ஒன்று தொங்கினால் 'தவறாக அணிந்தது'. போலி என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். எனக்கென்னவோ போலி செய்கிறவன்தான் விதியை நன்றாகப் படித்துவிட்டு உட்காருவான் என்று தோன்றுகிறது. அணிந்தவன் வருஷங்களைக் கழித்தவன். அவனுக்கு எதைப் பெட்டியில் போட மனம் வரும்?

நம் பக்கத்துச் சிப்பாய் விஷயம் இதைவிடக் கறாரானது. 1888இல் இந்தியப் படைக்கென்று இரண்டு பதக்கங்கள் ஒரே சமயத்தில் ஏற்பட்டன. ஒன்று இருபது வருஷ நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும். மற்றது பதினெட்டு வருஷத்துக்குக் குறையாத சிறப்புச் சேவைக்கு. ஹவில்தார், தபேதார் நிலையில் இருப்பவர்களுக்கு. இரண்டாவதோடு வருஷாந்தரப் பணமும் உண்டு என்பதால் அது சுலபத்தில் கிடைக்காது. ரெஜிமெண்டுக்கு இத்தனை என்று அளவு. முன்னால் வாங்கியவன் செத்தாலோ மேலே போனாலோதான் இடம் காலியாகும். (தபேதார் என்ற பதவி குதிரைப் படையிலிருந்து இறங்கி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் சிவப்புப் பட்டையோடு நிற்கிற கதை தனி.)

இரண்டாவது கிடைத்ததும் முதலாவதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நன்னடத்தைப் பதக்கத்தை ஒப்படைத்தால்தான் சிறப்புச் சேவைப் பதக்கம். இந்த விதியில் ஒரு குரூரமான தர்க்கம் இருக்கிறது. நன்னடத்தை என்பது ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கான சான்று. தண்டனைப் பதிவு விழாமல் இருபது வருஷத்தைத் தள்ளியது. அதற்குமேல் ஒன்று செய்ததாக ஒத்துக்கொண்ட மறுகணம், அந்த ஒன்றும் செய்யாத இருபது வருஷமும் சர்க்காருக்குத் திரும்பிவிடுகிறது. பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் பொறித்திருக்கும். திரும்பிப் போனது வெள்ளி மட்டும் அல்ல.

உடையார்பாளையத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது வேறொன்று உறுத்துகிறது. இங்கே பாளையக்காரராகவும் பிறகு ஜமீன்தாராகவும் இருந்தவர்களின் பட்டம் 'காலாட்கள் தோழ உடையார்'. காலாட்படையின் தோழமையைத் தலைமுறை தலைமுறையாகப் பெயரோடு சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு முடிந்தது. பட்டம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். யாரும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்க வேண்டியதில்லை. காலாளுக்கோ விளிம்பில் பொறித்த பெயர்கூடத் தவணைக்கு விட்டது.

1926இல் விதியைத் தளர்த்தி, இரண்டையும் சேர்த்து அணியலாம் என்றார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. முதல் உலகப் போர் நடுவில் வந்துபோய்விட்டது. பிரான்சிலும் மெசப்பொட்டேமியாவிலும் இருந்து திரும்பிய பழைய ஹவில்தார்களும் இந்தக் கணக்குக்குள்தான். சுதந்திர இந்தியாவின் படையில் 9, 20, 30 வருஷப் பதக்கங்கள் மூன்றும் ஒன்றாகவே வரிசையில் நிற்கின்றன. ஜெர்மானியன் செய்தால் தவறு, இவன் செய்தால் ஒழுங்கு.

ஆகவே சிப்பாய்ப் பாட்டன் ஒருவரின் பழைய ஸ்டுடியோ படத்தில் இந்த இரண்டு பதக்கமும் சேர்ந்து தெரிந்தால், சேகரிப்பவர் தேதியைக் கணக்கிடப் பார்ப்பார்: படம் 1926க்குப் பின்னால் எடுத்தது, இல்லையென்றால் தவறு. மூன்றாவதாக ஒன்று அவருக்குத் தோன்றுவதில்லை. திருப்பிக் கொடு என்று கேட்டபோது அந்த மனுஷர் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.