மழை சேர்த்த பொன்

மலைகளின் கதை – 17

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் போகும் பேருந்தில் ஏறினால், தேவாலா வரைக்கும் கண்ணை நிறைப்பது தேயிலைதான். சரிவுகளுக்கு நடுவே காடு திட்டுத் திட்டாக நிற்கும். அந்தக் காட்டுக்குள் கால் வைக்க நினைக்கும் வெளியூர்க்காரரை ஊர்க்காரர்கள் இரண்டு காரணம் சொல்லித் தடுப்பார்கள். ஒன்று யானை. மற்றொன்று, புதர் மூடிக் கிடக்கும் குழிகள். அவற்றில் பல, 140 ஆண்டுகளுக்கு முன் லண்டன்காரர்களின் பணத்தில் தோண்டியவை. அதற்கும் வெகுகாலம் முந்தையவையும் உண்டு.

சென்ற வாரம் கோலாரைப் பார்த்தோம். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 2001-ல் மூடும் வரை சுமார் 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கம் அது. தேவாலாவிலும் அதே ஆண்டுகளில், அதே நம்பிக்கையோடுதான் தோண்டத் தொடங்கினார்கள். ஏன் ஓரிடம் கொடுத்தது, மற்றோரிடம் கைவிரித்தது? விடை பாறையில் இருக்கிறது.

இந்த மலையின் அடிப்பாறை 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதில் விழுந்த வெடிப்புகள் வழியே பூமியின் ஆழத்திலிருந்து சூடான நீர் மேலேறி வந்தபோது, கரைந்திருந்த சிலிக்கா வெள்ளைக்கல்லாக உறைந்தது. குவார்ட்ஸ் என்று நாம் படிக்கும் கல் அதுதான். அதோடு சேர்ந்து பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும், அதற்குள் மிகச் சிறு துகள்களாகத் தங்கமும் தங்கின. சுரங்கக்காரர்கள் இந்த வெள்ளைக்கல் நரம்பை ‘ரீஃப்’ என்பார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மழையின் வேலை. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை யுகயுகமாகப் பாறையின் மேற்பகுதியை ஊறவைத்தது. பைரைட் துருப்பிடித்து உதிர்ந்தது. உள்ளே சிறைப்பட்டிருந்த தங்கம் விடுபட்டுத் தனித்துகளாக அங்கேயே தேங்கியது. சுற்றியிருந்த மண் கரைந்து போகப் போக, மிஞ்சியதில் தங்கத்தின் பங்கு கூடியது. ஒரு பகுதி ஓடைகளில் இறங்கி, மலைக்குக் கீழே நிலம்பூரில் சாலியாற்று மணல் வரைக்கும் போனது. ஆக, தரையை ஒட்டிய சில பத்தடி ஆழத்தில் மட்டும் இந்த மலை பணக்கார மலை.

அந்தப் பணக்கார அடுக்கை முதலில் கண்டுகொண்டவர்கள் குறும்பர்களும் பணியர்களும். மேலேயுள்ள மண்ணை நீரில் அலசினார்கள். துருவேறிய கல்லைத் தோண்டி இடித்து, மரத்தட்டில் சுழற்றி, பாதரசத்தால் பொன்னைப் பிடித்தார்கள். பணியர்கள் ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள். அவர்கள் கையால் அலசிய பொன் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய குழிகளில் மண்டையோடுகள் கிடந்ததால் ஒரு ரீஃபுக்கு ‘ஸ்கல் ரீஃப்’ என்றே வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அந்த மண்டையோடுகள் யாருடையவை என்று கேட்டுக்கொள்ளாமல் அந்தப் பெயரை என்னால் எழுத முடியவில்லை.

1830-களிலேயே சென்னை அரசு ஓர் அதிகாரியை அனுப்பி இங்கே சோதனை நடத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது. மீண்டும் ஆசை மூண்டதற்குக் காப்பி ஒரு காரணம். தேவாலாவையும் உள்ளடக்கிய வயநாட்டின் காப்பித் தோட்டங்கள் துளைப்பான் வண்டாலும் இலைத்துரு நோயாலும் நொடித்துக்கொண்டிருந்தன. கடன்பட்ட தோட்டக்காரர்களுக்குத் தங்கள் நிலத்தில் ரீஃப் ஓடுகிறது என்ற செய்தி தெய்வ வாக்காக இருந்தது. 1870-களின் நடுவில் தங்கம் தோண்ட ஆல்ஃபா கம்பெனி தொடங்கியது. 1875-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இப்பகுதியைப் பற்றி முதற்குறிப்பு எழுதினார். 1877-ல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரி மாவட்டத்தோடு சேர்ந்தது.

1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் ப்ரோ ஸ்மித் வந்தார். அங்கே சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். விக்டோரியா தங்கவயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் அறிக்கை நம்பிக்கை ததும்ப இருந்தது. லண்டன் பங்குச் சந்தை பற்றிக்கொண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு மூலதனம் என்று காகிதத்தில் காட்டின. படுத்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின. ரீஃபில் எவ்வளவு தங்கம் என்று முறையாகச் சோதிப்பதற்கு முன்பே கல் இடிக்கும் இயந்திரங்கள் மலைப்பாதையில் ஏறின. 3,000 அடி உயரத்தில், காய்ச்சல் காட்டில், பந்தலூருக்குக் குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது.

கல்லை இடித்துப் பார்த்தபோது டன்னுக்கு ஒரு சில கிராம்தான் தேறியது. ஆழத்தில் துருப்பிடிக்காத பைரைட், தன்னுள்ளிருந்த பொன்னைப் பாதரசத்துக்கு எளிதில் கொடுக்கவும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன.

அவர்கள் பிழை எங்கே? மலை முழுக்கப் பரவிக் கிடந்த பழைய குழிகளைப் பார்த்து, ‘உளியை வைத்துக்கொண்டே இவ்வளவு எடுத்திருக்கிறார்கள், நீராவி இயந்திரம் இருந்தால் எவ்வளவு எடுக்கலாம்!’ என்று கணக்குப் போட்டார்கள். உண்மையில் அந்தக் குழிகள் சொன்னது வேறு: மழை சேர்த்துவைத்த அடுக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோலாரிலும் இதே போன்ற பழைய குழிகள்தான் வழிகாட்டின. அங்கேயும் 1883 வாக்கில் மைசூர் கம்பெனி மூடும் நிலைக்கு வந்தது. பழைய குழிகளுக்கும் கீழே இறங்கியபோது சாம்பியன் ரீஃப் கிடைத்தது. ஒரே அடையாளம் ஓரிடத்தில் மெய்யானது, மற்றோரிடத்தில் பொய்த்தது. அதனால் பணம் போட்டவர்களை ஏமாளிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சோதிக்காமல் பங்கு விற்றவர்களை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

1901-ல் ஹேடன், ஹாட்ச் என்ற இரு நிலவியலாளர்கள் ரீஃப்களை முறையாக ஆராய்ந்து, லாபம் தரும் சுரங்கத்துக்கு இவை போதா என்று எழுதினார்கள். சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1968-ல் தொடங்கிய ‘டான்டீ’ என்ற அந்த அரசுத் தேயிலைத் திட்டம் பந்தலூர், சேரம்பாடிப் பக்கமெல்லாம் பரவியது.

குழிகள் மட்டும் மூடவில்லை. தேயிலை விலை சரிந்து கூலி நின்றால், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பழைய சுரங்கங்களில் இறங்குகிறவர்கள் இன்றும் உண்டு. சட்டம் அதைத் தடுக்கிறது. மண் சரிந்து உள்ளேயே போனவர்களும் உண்டு. வெளியே கொண்டுவந்த கல்லை இடித்து, பாதரசம் சேர்த்து, தட்டில் அலசுகிறார்கள். அலசிய நீர் பக்கத்து ஓடையில் விழுகிறது. அந்த ஓடை, முன்பு பொன் துகள் போன அதே வழியில், சாலியாற்றை நோக்கி இறங்குகிறது.