வேட்டைப்பொருளும் சான்றும்: தென்னார்க்காட்டுப் பறவைகளின் உடலில் படிந்த நச்சுப்பொருள் குறித்த ஆய்வு வரலாறு

முன்னுரை

பண்ருட்டியைத் தொட்டுச் சென்று கடலூரில் கடல் சேரும் கெடிலமும், பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாறும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வயல்களுக்கு நீர் தந்தவை. அவ்வயல்களிலும் கழிமுகங்களிலும் மேயும் மடையான், உள்ளான் போன்ற பறவைகள் உண்பவர்க்கு இறைச்சி; சட்டத்திற்கு வேட்டைப்பொருள்; வேதியியலார்க்குச் சான்று. இம்மூன்று பார்வைகளும் தனித்தனியே வளர்ந்தமையை இக்கட்டுரை சுட்டுகிறது.

சட்டம் கண்ட பறவை

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. அதன் நான்காம் அட்டவணை ‘சிறுவேட்டை’ என்னும் வகையைக் கொண்டிருந்தது; உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வுரிமமுறைக்கு முடிவு கட்டியது. யார் சுடலாம், எப்போது சுடலாம் என்பனவே உரிமமுறையின் வினாக்கள். சுடப்பட்ட பறவையின் தசையில் என்ன இருக்கிறது என்பது அதன் வினாவன்று.

அவ்வினாவை முன்னரே எழுப்பிய நாடு சுவீடன். பாதரசச் சேர்மம் பூசிய விதைகளைத் தின்று வயல்வெளிப் பறவைகள் மடிந்தபோது, அங்குள்ள ஆய்வாளர்கள் நூறாண்டுக் காலப் பறவை இறகுகளில் பாதரசத்தை அளந்து 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். 1940களில் தொடங்கிய உயர்வு இறகிலேயே பதிவாகியிருந்தது. பறவையின் உடல் உழவின் வரலாற்றுக்கு ஆவணமாகும் என்பதை ஐயமற நிறுவிய ஆய்வு இதுவென்பது என் கருத்து.

வெள்ளாற்றிலிருந்து பறவைக்கு

நம் பகுதியில் ஆய்வு நீரிலிருந்து தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் சப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, 1987 டிசம்பர் முதல் 1990 சனவரி வரை வெள்ளாற்றிலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் நீரையும் படிவையும் சோதித்தனர். உழவர் பி.எச்.சி. என்றழைத்த எச்.சி.எச். பூச்சிக்கொல்லியின் அளவு மழைக்காலத்து நீரில் உயர்ந்தது. நெல் பூக்கும் பருவத்தில் அம்மருந்து மிகுதியாக இடப்பட்டதே அதற்குக் காரணமெனக் காட்டினர். டி.டி.டி.யில் அத்தகைய பருவ வேறுபாடு தெளிவாக இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வலசைப் பறவைகளும் இங்கு வந்திறங்குகின்றன என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

தனபே, செந்தில்குமார், கண்ணன், சுப்பிரமணியன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த கட்டம். தென்னிந்தியாவில் சேகரித்த உள்ளூர்ப் பறவைகளையும் வலசைப் பறவைகளையும் முழுவுடலாக அரைத்துச் சோதித்தனர். உள்ளூர்ப் பறவைகளில் எச்.சி.எச். ஒரு கிராம் ஈர எடைக்கு 14 முதல் 8,800 நானோகிராம் வரை இருந்தது; உயர்ந்த அளவைக் கிலோவுக்குக் கணக்கிட்டால் 8.8 மில்லிகிராம். வலசைப் பறவைகளிலோ மின்மாற்றி எண்ணெய் முதலியவற்றிற் பயன்பட்ட பி.சி.பி. மேலோங்கியது. ஒன்று நம் வயலின் கணக்கு. மற்றொன்று தொழில்வளம் மிக்க நாடுகளின் கணக்கு. பெட்டைகளில் நஞ்சு குறைந்திருந்ததும் கவனிக்கத்தக்கது. கொழுப்பில் கரையும் இப்பொருள்கள் முட்டையின் வழியே வெளியேறும். தாயின் சுமை குஞ்சுக்குப் போகிறது.

உள்நாட்டு மீன்தின்னிகளிலும் பிணந்தின்னிகளிலும் எச்.சி.எச்., டி.டி.டி. மிகுந்திருந்தன; கடலோர மீன்தின்னிகளில் பி.சி.பி. அவற்றுக்கு இணையாகவோ மிகுந்தோ இருந்தது. ஆகவே பூச்சிக்கொல்லியைப் பொறுத்தவரை, கழிமுகத்தைவிடப் பண்ருட்டி போன்ற உள்நாட்டு வேளாண் பகுதியின் ஏரிகளும் வாய்க்கால்களுமே முதலில் நோக்கத்தக்கன எனக் கருதுகிறேன். மடையான், பட்டாணி உப்புக்கொத்தி, டெரெக் உள்ளான் ஆகிய மூன்றும் இடருக்கு உள்ளாகக்கூடும் என அவ்வாய்வு மதிப்பிட்டது. இவற்றுள் மடையான் வயலோரத்தில் அன்றாடம் காணும் பறவை. எச்.சி.எச். இந்தியாவில் தடை செய்யப்பட்டது 1997இல். ஆய்வு அச்சானது அதற்கடுத்த ஆண்டு.

முழுவுடலும் உறுப்பும்

முழுவுடற் சோதனை பறவை சுமக்கும் மொத்த நஞ்சைக் கூறும். எவ்வுறுப்பில் எவ்வளவு என்று கூறாது. உலோகங்களில் இவ்வேறுபாடு பெரிது. ஈயம் எலும்பில் நெடுங்காலம் தங்கும். ஈரலிலுள்ள ஈயம் அண்மைக் காலத்தில் உட்சென்றதைக் குறிக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் சேரும். செயகுமார், முரளிதரன் ஆகியோர் நீலகிரிப் பறவைகளின் உலோக மாசு குறித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டில் இத்திசையில் குறிப்பிடத்தக்கது.

1998ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்ட இடர் பறவைக்கானது, உண்பவர்க்கானதன்று. உண்பவர்க்கான இடரை அறிய, இறகும் குடலும் நீக்கி, தோலும் கொழுப்பும் ஈரலும் உண்ணப்படும் அளவிலேயே தனித்தனியே அளக்க வேண்டும். அதற்கான மாதிரியை இன்று 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற்றே திரட்ட இயலும்.